பெல் அடிச்சுதும்மா

"ஒண்ணு அந்தாளு காலி பண்ணணும், இல்ல நாங்க காலி பண்றோம். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே சொல்லிடுங்கண்ணே!"

ரத்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் கண்ணப்பன் தலையைச் சொறிந்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் நடுச்சுவர் ஒன்றை வைத்து அவர் கட்டின இரட்டைப் போர்ஷன் அது. ஒரு பக்கம் ரத்னாவும், கம்பெனி வேலைக்குப் போகும் அவள் புருஷன் ஜீவானந்தமும். மறுபக்கம் ரிட்டயரான பஸ் கண்டக்டர் நடேசன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகுட்டி கிடையாது. தனிக்கட்டை.

"அவரு இன்னாம்மா பண்ணாரு? பூனை மாதிரி இருக்கற மனுசன்."

"பூனையேதான்! என் வூட்டு வாசல்ல யாரு வந்து நின்னாலும் உடனே வெளிய வந்து எட்டிப் பாக்கறாரு. பால்காரன் வந்தாலும் சரி, எங்கம்மா வந்தாலும் சரி. அதுவும் எப்படி? வெள்ளைச் சொக்கா மாட்டிக்கினு, தலைய வாரிக்கினு! அப்புறம் என் ஜன்னலைத் தட்டி, 'பெல் அடிச்சுதும்மா, உனக்குத்தான் ஆள் வந்துகீறாங்க'ன்றாரு. எம்மாம் பெரிய புளுகு! என் வூட்டு பெல்லுதான் குடிவந்த நாள்லேர்ந்து ஊமையாச்சே!"

சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று அவள் தம்பி வந்துபோனதை, ஷிப்ட் முடிந்து வந்த ஜீவானந்தத்திடம் அவள் வாயைத் திறப்பதற்குள் நடேசன் சொல்லிவிட்டார். புருஷன் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லைதான். ஆனாலும் பகலெல்லாம் ஒண்டியாகக் கிடக்கிற பொம்பளை. நாளைக்கு வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடாதா?

"சரிம்மா, அழாத. சாயந்தரமே காலி பண்ணச் சொல்லிடறேன். முதல்ல உன் பெல்லப் பாத்துடலாம். அதுக்குத்தான் சின்னப்பையனைக் கூட்டியாந்துகீறேன்."

பேர்தான் சின்னப்பையன், வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்ததே அவர்தான். சுவரை வெட்டி, பைப்பைப் பதித்து, உள்ளே ஒயரை ஓட்டி, மேலே பூசிவிட்டார். 1991-ல் அந்தப் பக்கத்தில் அதுவே அதிசயம். "மெட்ராஸ் பங்களா மாதிரி, ஒரு ஒயர் கண்ணுல தெரியுதா பாரு!" என்று கண்ணப்பன் போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

சின்னப்பையன் வாசலுக்குப் போய் ரத்னா வீட்டு ஸ்விட்சை அமுக்கினார்.

அவள் வீட்டுக்குள் சத்தமே இல்லை. பக்கத்துப் போர்ஷனில் கணீரென்று அடித்தது.

கதவு திறந்தது. வெள்ளைச் சொக்காவுக்குப் பொத்தான் போட்டபடி நடேசன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இவர்களைப் பார்த்ததும் அது கொஞ்சம் வாடிப்போனது.

"ஓ, ரத்னா வூட்டுக்கா? இந்த ஜனங்க எப்பவும் ஸ்விட்ச் மாறித்தான் அமுக்கறாங்க. பரவால்ல, பரவால்ல."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சின்னப்பையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, என் தப்புதாண்ணே! ரெண்டு வூட்டு பெல் ஒயரும் சுவத்துக்குள்ள ஒரே பைப்புலதான் போவுது. முனைய மாத்திக் குடுத்துட்டேன். இந்தம்மா ஸ்விட்ச அமுக்கினா அவரு வூட்ல அடிக்குது."

ரத்னாவுக்குச் சுருக்கென்றது. ஐயோ, அந்த மனுசன் ஒரு வார்த்தை புளுகவில்லையே! பெல் அடித்திருக்கிறது, எழுந்து வந்திருக்கிறார். அதற்குப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டாள்!

"அவர ஒண்ணும் காலி பண்ணச் சொல்லாதீங்கண்ணே," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"அதானே பாத்தேன்!" கண்ணப்பனுக்கு மூச்சு வந்தது.

"அப்படியே இந்த ஊமை பெல்லயும் கழட்டிட்டு வேற மாட்டிடுங்க," என்றாள் ரத்னா சின்னப்பையனிடம்.

"இரும்மா, பாக்கலாம்."

அவர் நகர்ந்துபோய் நடேசன் வீட்டு ஸ்விட்சை அமுக்கினார். ரத்னாவின் சமையல்கட்டில் பெல் அலறியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அட, நல்லாத்தானே கீது! அப்புறம் ஏன் இத்தினி மாசமா ஒரு தபா கூட அடிக்கல?"

சின்னப்பையன் சாத்தின கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெல்லுல ஒரு கோளாறும் இல்லம்மா. அவரைப் பாக்க யாராச்சும் வந்திருந்தா, அடிச்சிருக்கும்."