சான்றிதழ் வாங்கிய வீடு

சாமி விளக்கைக் குளிர வைக்கவில்லை.

மலைப்பாதையின் ஒரு வளைவில் கார் திரும்பும்போதுதான் பூங்கொடிக்கு அது உறைத்தது.

முன்னால் கார்கள். பின்னால் கார்கள். எல்லாம் மலையை விட்டு இறங்குபவை. மேலே ஏறுகிற பக்கத்தில் தீயணைப்பு வண்டிகள் மட்டும் அலறிக்கொண்டு போயின. பட்டப்பகலில் எல்லோரும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார்கள். வானம் பூசணிப்பூ நிறத்தில் இருந்தது.

பக்கத்தில் கணவன் ஈஸ்வரமூர்த்தி போனில் பேசியபடி ஓட்டினான். மறுமுனையில் சான் ஹோசே நகரத்தில் இருக்கும் நண்பன்.

"நம்மூட்டுக்கு ஒண்ணும் ஆவாது சம்பத்து. கவர்மெண்டே பாத்து சர்டிபிகேட் குடுத்த ஊடு."

கிளம்பியதிலிருந்து யார் கூப்பிட்டாலும் இதே பாட்டுத்தான்.

பாடட்டும். அவன் பட்ட பாட்டுக்குப் பாடலாம்.

காட்டுத்தீக்குத் தாக்குப்பிடிக்கும் வீடு என்று மாநில அரசு தருகிற சான்றிதழ் அது. அதற்காக மனுஷன் சோறு தண்ணி மறந்து அலைந்தான். கூரையடிக் காற்றுத் துளைகளுக்கெல்லாம் பொடிக்கண் கம்பிவலை அடித்தான். சுவரைத் தொட்டு நின்ற மரவேலியைப் பிடுங்கிவிட்டு இரும்பில் போட்டான். வீட்டைச் சுற்றி ஐந்தடிக்குப் பற்றக்கூடிய பொருள் எதுவும் கூடாது என்றார்கள். ஜல்லி கொட்டினான். சமையலறைச் சுவரோரம் நின்ற கறிவேப்பிலைக்குக்கூடத் தயவு காட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தாளிக்காத ரசம் வைத்தாள். அவனும் வாயைத் திறக்காமல் குடித்தான்.

சோதிக்க வந்த அதிகாரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். வெளியிலிருந்து ஒரு பொறிகூட உள்ளே நுழைய வழியில்லை என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

உள்ளேயே ஏற்றி வைத்துவிட்டு வருகிறவளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்.

எங்கே கிளம்பினாலும் விளக்கேற்றிக் கும்பிடுவாள். பிறகு ஒரு பூவால் திரியைக் குளிர வைத்துவிட்டுத்தான் வாசல்படி தாண்டுவாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம், கலிபோர்னியா வந்தும் விடவில்லை. இன்று இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. உடனே வெளியேறுங்கள் என்றன. பாஸ்போர்ட்டையும் நகையையும் மாத்திரையையும் பையில் திணித்த அதே கை, தானாகப் போய்த் திரியையும் தூண்டியது. எண்ணெயைத் தளும்பத் தளும்ப விட்டது.

"முருகா, நீதான் காவல்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பூவை எடுத்தது ஞாபகம் இல்லை.

அதற்குள் பின் வீட்டு நாய் ஊளையிட்டது, அவள் பையோடு காருக்கு ஓடினாள். கேஸை அடைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வந்தவன் அவன்தான். அவன் பார்த்திருப்பானா? எங்கே பார்க்க. சாமி அலமாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆள்.

அலமாரி மரம். விளக்குக்குப் பக்கத்தில் கற்பூர டப்பா. அதற்கு மேலே பஞ்சுத்திரிப் பாக்கெட். மேலே திரைச்சீலை.

ஜன்னலை மூடினாளா?

மூடியிருப்பாள். மூடினாளா?

கார் இரண்டடி நகர்ந்து நின்றது. மறுபடி இரண்டடி.

சொல்லிவிடலாம். சொன்னால் அவன் வண்டியைத் திருப்புவான். போலீஸ் மறித்தால் காரை ஓரம் கட்டிவிட்டு நடந்தே ஏறுவான், அந்தப் புகைக்குள். செய்யக்கூடிய ஆள்தான். சொல்லாமல் இருந்தால், காடு விட்டுவைக்கிற வீட்டை அவளே கொளுத்தினவள் ஆவாள். வருஷக் கணக்கில் அவன் அடித்த ஒவ்வொரு ஆணியையும்.

சீட் பெல்ட்டைத் தளர்த்தினாள். இறுக்கினாள். கண்ணாடியை இறக்கினாள். புகை மூக்கில் ஏறியது. ஏற்றினாள்.

"என்ன, எறும்பு கிறும்பு கடிக்குதா?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க."

ஆற்றுப் பாலம் வந்தது. அதைக் கடந்ததும் நெடுஞ்சாலை. நடுவில் கான்கிரீட் தடுப்பு நீளமாக ஓடியது. இனி அவனே நினைத்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

"ஏனுங்க... சாமி வெளக்க அப்படியே எரிய உட்டுட்டு வந்துட்டனுங்க."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். திட்டட்டும். வாங்கிக்கொள்ளலாம்.

அவன் திட்டவில்லை.

"அத நான் அப்பவே குளுர வெச்சுட்டன், பூங்கொடி."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. ஓங்கி அவன் தோளில் ஓர் அடி போட்டாள். இத்தனை நேரம் இவன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறானே.

அவன் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே இருந்தான்.

"சாமி படத்தையும் எடுத்தாந்துட்டன்," என்றான். "டிக்கில இருக்குது. உம் பொடவைல சுத்தி வெச்சிருக்கறன்."

குடியிருக்கிற வீட்டிலிருந்து சாமி படத்தை யாரும் இறக்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குத்தான் இறக்குவார்கள். சாமி கும்பிடாதவனுக்கும் அது தெரியும்.

அவள் கை அவன் தோளிலேயே நின்றுவிட்டது.

போன் அடித்தது. வீட்டைப் பற்றி விசாரிக்க இன்னொருவர். அவன் தொண்டையைச் செருமிக் குரலைத் தயார் செய்துகொண்டான்.

பூங்கொடி கையை நீட்டி அதைக் கட் செய்தாள்.