பச்சைப் பொத்தான்

அச்சகத்தின் கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் இறங்கி, மெஷினின் உருளைகளில் வழுக்குகிறது. மூன்று வாரத்துக்கு முன் மேலாளராகப் பொறுப்பேற்றவள், அச்சடித்த முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்க்கிறாள். சிவப்பு சரியாக விழுந்திருக்கிறது. தாளைப் பார்த்தவர் கட்டைவிரலை உயர்த்தினால் மெஷின்மேன் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். உயர்த்துகிறாள். மெஷின்மேன் அவளைத் தாண்டி வாசலைப் பார்க்கிறார். தினமும் இதே பார்வைதான். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் வெள்ளைக்காரத் துணை மேலாளர், காபிக் கோப்பையும் கையுமாக அங்கேதான் நிற்பார். இன்று அவரைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

“யாரத் தேடறீங்கண்ணே?”

“யாரையும் இல்லம்மா.”

அவளைப் போலவே கறுத்த முகம், அவள் வீட்டுப் பேச்சு. “நம்ம பொண்ணு ஒருத்தி மேல வந்துட்டா” என்று முதல் நாள் கண் கலங்கியவரும் இவர்தான். அந்தக் கண்ணீரையே இப்போது அவளால் நம்ப முடியவில்லை.

“அப்ப போடுங்க.”

“இதோ, கண்ணாடியத் தொடச்சுக்கறேன்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். பளிச்சென்று இருப்பதை மறுபடியும் துடைக்கிறார். அவள் விரலை இறக்கவில்லை; தோள் வலிக்கிறது. மை நெடி மூக்கில் ஏறுகிறது. சட்டென்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார், முகம் தெளிகிறது, மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்குகிறது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் காபி மணக்கிறது.