கூந்தல் அவிழ்ந்த காசு

நவமலரின் தம்பி சுகிர்தன் அமெரிக்காவில் ஓர் ஏல நிறுவனத்தில் வேலை செய்கிறான். மறுநாள் ஏலத்துக்கு வரும் அந்த நாட்டின் ஆதிகாலச் செப்புக்காசுகளைக் கைபேசிக் காணொளியில் அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கிளிநொச்சியில் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நவமலர் சட்டென எழுந்தாள்.

ஒரு காசில் கூந்தல் அவிழ்ந்த பெண் தலை. மேலே துளை. கன்னத்தில் ஊசியால் கீறிய 'ந'.

"தம்பி, இது அத்தான்ர அரைஞாணில கிடந்த காசு. அந்த எழுத்து நான் கீறினது."

போர் முடிந்த வருடம் அந்தக் காசோடுதான் அவள் கணவன் நந்திக்கடலில் இறங்கினான். கரை சேரவில்லை.

"இருக்காதக்கா. இது நூறு வருசமா இங்க ஒரு குடும்பத்தின்ர அலுமாரிக்குள்ள இருந்ததாம்."

அவள் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். "வடிவாப் பாரடா."

சுகிர்தன் காசைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தான். குரல் தாழ்ந்தது.

"அக்கா, மற்றதெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இது மட்டும் துடைக்கத் துடைக்க ஈரமாகுது."

"என்ன ஈரம்?"

அவன் விரலை நாக்கில் வைத்தான். "உப்புத் தண்ணியக்கா."

"துடையாதை," என்றாள் நவமலர். "இனித் துடையாதை."

அவன் உள்ளங்கையிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டத் தொடங்கியது.