நாக்கு மீனின் இன்னொரு பெயர்

அந்தக் கரையில் யாரும் செருப்போடு படகில் ஏறுவதில்லை. மணலில் கழற்றிவிட்டுப் போவார்கள். ஆடியில் கடலுக்குப் போன லியோன் திரும்பவில்லை. அவன் கழற்றிய செருப்புகளை மனைவி பிரகாசி தினமும் மணல் தட்டி அதே இடத்தில் வைக்கிறாள். உடல் கிடைக்காதவர்கள் அணிந்திருந்த எதையாவது பெட்டியில் வைத்துப் புதைப்பது அங்கே வழக்கம். லியோனின் தம்பி சேவியர் பலமுறை கேட்டுவிட்டான்.

"செருப்பக் குடுங்க மைனி. அண்ணனுக்கு ஒரு கல்லறையாவது இருக்கட்டும்."

"வந்தா வெறுங்காலோடயா வீட்டுக்கு நடப்பாரு?"

இன்று அவள் விற்கும் கூடை நிறையத் தட்டையான நாக்கு மீன். ஓட்டலுக்கு மீன் எடுக்கும் டெல்வின் சிரித்தான். "நாம நாக்குங்கோம். இங்கிலீஷ்காரன் இதச் சோல்ங்கான். பழைய பாஷை ஒண்ணுல அதுக்குச் செருப்புன்னு அர்த்தமாம், உருவத்தப் பாத்து வெச்ச பேரு. செருப்பப் பொரிச்சுத் திங்கானுவ அக்கா."

பிரகாசி சிரிக்கவில்லை. "கடலுக்கடியில நெறைய கெடக்குமோ?"

"தரை பூரா இதுதான்."

அவன் போனதும் மீன்களை ஒவ்வொன்றாக, வால் தன் பக்கமாகவும் கண்கள் மேலே தெரியும்படியும் மணலில் வைத்தாள். எல்லாவற்றின் வாயும் இடப்பக்கமே வளைந்திருந்தது. கூடையின் அடிவரை தேடினாள். வலது காலுக்கு ஆகும்படி வலப்பக்கம் வளைந்தது ஒன்றுகூட இல்லை.

மாலையில் சேவியர் வந்தபோது இடது செருப்பைத் துடைத்துக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு, மைனி?"

"அந்தக் காலுக்குக் கடல்ல செருப்பு இல்ல" என்றாள்.