குவைத்துப் பெட்டியும் பச்சைப் பீரோவும்

அந்த வீட்டுப் பச்சைப் பீரோவுக்குக் குவைத்துப் பெட்டியைக் கண்டாலே வயிறு எரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, மேலே கொட்டை எழுத்தில், குவைத்தில் வேலை பார்க்கும் வீட்டுக்காரன் அருளப்பன் பெயரைத் தாங்கிக்கொண்டு பெட்டி அவனோடு வந்து இறங்கும். உடனே தெருவே கூடிவிடும். சென்ட், கம்பளி, கோடாலித் தைலம், பிஸ்தா என்று எடுக்க எடுக்கக் கைகள் நீளும்.

"வருஷம் முழுக்க இந்த வீட்டைக் கட்டிக்காப்பது நான். கொண்டாட்டம் மட்டும் உனக்கா?" என்று பீரோ பொருமியது.

"அங்கே நான் இரும்புக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன் அக்கா. நீ வீட்டில் இருக்கிறாய்" என்றது பெட்டி.

"பெருமையை இப்படியும் பேசுவாயா?" பீரோ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கூட்டம் கலைந்தபோது பெட்டியின் அடியில் நாலு சட்டைகள்தான் மிஞ்சியிருந்தன. அருளப்பன் அவற்றை எடுத்துவந்து பீரோவைத் திறந்தான். மேல்தட்டில் மனைவியின் பட்டுப்புடவைகள். நடுவில் பிள்ளைகளின் உடுப்புகள். கீழே, போன தடவை அவன் கொண்டுவந்த கம்பளிகள், உறைகூடப் பிரிக்காமல். கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தான். ஒன்றும் நகரவில்லை.

"எமிலி, என் சட்டையை எங்கே வைக்க?"

"பெட்டியிலேயே இருக்கட்டுங்க," அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எப்படியும் அடுத்த மாசம் கொண்டுபோகணும்ல."

அவன் சட்டைகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கினான்.

சென்ட் வாசனையெல்லாம் பீரோவுக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்காரனின் அந்த நாலு சட்டைக்குத் தன்னிடம் இல்லாத இடம் பெட்டியில் இருந்ததே, அதைத்தான் பீரோவால் பொறுக்க முடியவில்லை.