காலையில் மட்டும் உதறும் வண்டி

"காலையில ஸ்டார்ட் பண்ணினா உதறுதுண்ணே. சூடேறினா சரியாகிடுது," என்றாள் மனைவி மெக்கானிக்கிடம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோதிப்பதற்காக முந்தின நாளே காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தாள்.

"குளிர்ல மனுஷனே நடுங்குறான், வண்டி நடுங்காதா?" பின்னாலேயே வந்த கணவர் சிரித்தார். "இவளுக்கு மலைப்பாதையில தனியா அம்மா வீட்டுக்குப் போகப் பயம். அதுக்கு இப்படியொரு சாக்கு! மெக்கானிக், இந்த பானெட்டை என்னைத் தவிர ஒருத்தன் தொட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒவ்வொரு குழாயையும் சொல்லுவேன்."

மெக்கானிக் ஸ்டார்ட் செய்தார். வண்டி உதறியது. இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தார். உதறல் நின்றது.

"இங்கதான் காத்து இன்ஜினுக்குள்ள போகுது. சூட்டுல ரப்பர் இளகினா மூடிக்குது."

"பழைய ரப்பர், வெடிச்சிருக்கும்," என்றார் கணவர் அவசரமாக.

மெக்கானிக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெடிச்சா இப்படி நேர்கோடா வெடிக்காது சார். கத்தியால பாதி அறுத்திருக்கு. மலை இறக்கத்துல மீதியும் அறுந்தா, பிரேக் பெடல் கல்லாயிடும், மிதிச்சாலும் வண்டி லேசுல நிக்காது." மனைவியிடம் திரும்பினார். "பானெட்டை யார் யாரும்மா திறப்பாங்க?"

"அதான் இவரே சொன்னாரேண்ணே."

கணவர் குழாயை வாங்கக் கை நீட்டினார்.

"புதுசு போட்டுருங்க," என்றாள் அவள். "பழசை ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. போற வழியிலதான் போலீஸ் ஸ்டேஷன்."