பித்தளைக் காப்பு

பார்வை போன பிறகு சமையல்காரர் உமைபாகம் கத்தியைத் தொடவே இல்லை. கொல்லுப்பட்டறை நடத்தும் அவர் மனைவி செண்பகவல்லி அவருக்கென்றே புதுக் கத்தி ஒன்றை அடித்தாள். கை வழுக்கிக் கூரின் மேல் போகாதிருக்க, அலகுக்கும் பிடிக்கும் நடுவே பித்தளைக் காப்பு வேண்டும். ஒரு துண்டில் துளையிட்டு மாட்டிப் பார்த்தாள், ஆடியது. வேறு துண்டெடுத்து, துளையைக் கொஞ்சங்கொஞ்சமாக அராவி, இறுக்கமாகத் தட்டி இறக்கினாள். பிடியையும் மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“உறுத்துதா?”

“கட்டைவிரல்ல இடிக்கு.”

அந்த இடத்தை அராவி மழுக்கினாள்.

“இப்ப?”

“சரிதான். கூரு எந்தப் பக்கம்னு எனக்கு எப்பிடிட்டி தெரியும்?”

அவள் சற்று யோசித்தாள். காப்பின் கூர்ப்பக்க முனையை நீளமாகவே விட்டு, மறுமுனையைக் கட்டையாக்கினாள். அவர் இரண்டையும் வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“ஒரு வெங்காயம் கொடு.”

கொடுத்துவிட்டு, எங்கே தடுத்துவிடுவோமோ என்று தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கத்தி பலகையில் தயங்கித் தயங்கி இறங்கியது. பிறகு பழைய வேகம் வந்தது.

“ஏட்டி, கண்ணு எரியுது” என்று சிரித்தார். வழிந்த நீரைத் துடைக்காமல் அடுத்த வெங்காயத்துக்குக் கை நீட்டினார்.